மணிக்குப் பிறகு பேசியது

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

‘அவர்கள்’ என்று போட்டதிலேயே என் கோபம் உங்களுக்குப் புரிந்திருக்கும். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து ‘என்ன மாப்ளே’ என்று கூப்பிட்ட வாய்தான். இப்போது அது வரமாட்டேன் என்கிறது.

நேற்று வந்த வாரமடலைப் பார்த்தீர்களா? நீங்கள் போயிருக்கிற சுற்றுக் குழுவின் முகாமுக்கும் தபால் பையில் ஒரு கட்டு போயிருக்கும். நாடாளுமன்ற ஊழியர்களுக்கென்று வருகிற அந்த மடலில் ‘செய்திகள்’ பக்கத்தை நான் படிப்பதே இல்லை. எந்த லிப்ட் ரிப்பேர், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, நூலகத்துக்கு எத்தனை மின்விசிறி வந்தது, இதெல்லாம் எனக்கு எதற்கு? நேராக ‘வாய்ப்புகள்’ பக்கத்துக்குத்தான் போவேன். போனேன். கொட்டை எழுத்தில் இருந்தது: தலைமைச் சுருக்கெழுத்தாளர் பதவி காலியாகிறது.

அந்த நாற்காலிக்காக நான் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தகுதிகளை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். அனுபவம், இருக்கிறது. வேகம், இருக்கிறது. இரண்டு மொழி, இருக்கிறது. கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. ‘சுற்றுக் குழுவுடன் வெளியூர்களில் பணியாற்றியிருக்க வேண்டும்.’

சுற்றுக் குழு என்று ஒன்று கிளம்பியதே இந்த வருஷம்தான். அதற்கு ஒரே ஒரு சுருக்கெழுத்தாளர்தான். பட்டியலில் இருந்த பெயர் என்னுடையது. நீங்கள்தான் முந்திரிக்கொட்டை மாதிரி கண்காணிப்பாளரிடம் ஓடி, “அவருக்கு எதுக்குங்க அலைச்சல், நான் போறேன்” என்று சொல்லிப் பெயரை மாற்றிக்கொண்டீர்கள். நானும் மாப்பிள்ளைக்கு என்ன பாசம் என்று பூரித்துப்போய், உங்கள் பெட்டியை வேன் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். என் தலையில் மிளகாய் அரைக்க நானே அம்மி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்த விதி வரப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? பதில் வேண்டும். போன் செய்ய வேண்டாம். போனில் நீங்கள் வாய்க்குள்ளேயே முனகுகிறீர்கள், வேண்டுமென்றே. எழுத்தில் தாருங்கள். உறையை ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது முறிந்திருந்தால் நடுவில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்

மார்ச் 9

மச்சானுக்கு வணக்கம்.

கையெழுத்து முறியவில்லை. உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற அளவுக்கு இங்கே யாருக்கும் நேரம் இல்லை.

அணை வந்தால் வீடு போய்விடும் என்று சொல்கிறவர்களிடம் குழு சாட்சி கேட்கிறது. ஒரு கிடங்கில் உட்கார்ந்திருக்கிறோம். மேலே தகரம். மழை பிடித்தால் கூரைதான் பேசும். பக்கத்திலேயே ஜெனரேட்டர். மைக் பாதி நேரம் வேலை செய்வதில்லை. ஆட்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதபடி பேசுகிறார்கள். முந்தானை விலகுகிற நேரமெல்லாம் அவர்கள் உதட்டையே பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே வந்ததை ஒரு யோகம் என்று நினைக்கிறீர்களே, வந்து பார்த்தால் தெரியும்.

நான் பெயர் கொடுத்தபோது அப்படி ஒரு விதி கிடையாது. அதை என் பிள்ளைமேல் சத்தியமாகச் சொல்வேன்.

சபையில் நாம் முறை மாற்றி மாற்றி எழுதுகிற மேசையில் எல்லாம் எப்படிப் போகிறது? உங்கள் முறைக்கு அடுத்த முறையில் யாரைப் போட்டிருக்கிறார்கள்? நாம் ‘பென்சில்’ என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணையா? அவள் நல்ல பெண். கோபித்துக்கொள்ளாமல் அனுசரித்துப் போங்கள்.

மாப்பிள்ளை

மார்ச் 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

காதில் பூச்சுற்ற வேறு ஆள் பாருங்கள். நாள் முழுக்க அமைச்சர்கள் நழுவுவதை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ‘பெயர் கொடுத்தபோது’ தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. கிளம்பியபோது? அதைப் பற்றி மூச்சே காணோம்.

நானே விசாரித்துவிட்டேன். வாரமடலைத் தட்டச்சு செய்கிற அம்மாளிடம் போய்ச் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் பாவம், கள்ளம் தெரியாதவர். “உங்க மாப்பிள்ளை கிளம்புறதுக்கு முந்தின நாளே, நான் தட்டச்சு பண்ணிட்டிருக்கும்போதே இதப் பாத்தாரே, அப்புறம் ரொம்ப நேரம் இந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தாரே” என்றார். மறுநாள் காலையில்தான் உங்கள் பெட்டியை நான் தூக்கினேன். வேன் கிளம்புகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தீர்களே, இப்போதல்லவா காரணம் தெரிகிறது.

நீங்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. இங்கே மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டு எனக்குக் குழி பறிக்கிறது. முறை மாறுவதற்கு அடிக்கிற மணியை இப்போது வேண்டுமென்றே மெதுவாக அடிக்கிறார்கள். உறுப்பினர்கள் வர வர வாயைத் திறக்காமலே பேசுகிறார்கள். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் மேசையில் இருப்பவர்கள் குசுகுசு என்று பேசுகிறார்கள். என்னவென்று கேட்டால், “ஒண்ணுமில்ல சார்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள்.

இந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். கொண்டையில் இரண்டு பென்சிலைச் செருகிக்கொண்டால் சுருக்கெழுத்தாளர் ஆகிவிடலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறைக்காரர் கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்கார்ந்து, முந்தின ஆளின் கடைசி வரிகளையும் சேர்த்து எழுதினால்தானே இரண்டு பேர் பக்கமும் ஒட்டும்? அவள் கடைசி நேரத்தில்தான் நிதானமாக வருகிறாள். என் பக்கங்கள் நடுவில் சொற்கள் விட்டுப்போய், அங்கெல்லாம் கோடு போடப்பட்டுத் திரும்பி வருகின்றன. நீங்கள் ஒட்டு எழுதியபோது என் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்ததுண்டா? அவளை யார் ஏவிவிட்டிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கச்சியையும் கலைத்துவிட்டீர்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. காபி மட்டும் படிக்கட்டில் வைக்கப்படுகிறது. நான் என்ன பிச்சைக்காரனா?

இப்போது முக்கியமான விஷயம். நேற்று ஊழியர் நலக்குழுவின் மூடிய கூட்டம். என் முறை. செயலாளர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேசினார், அதனால் ஒரு சொல் விடாமல் விழுந்தது. “மூத்த சுருக்கெழுத்தாளர் ஒருத்தருக்கு ஒரு குறை இருக்கு. அவங்க வீட்டு ஆளே எங்கிட்ட வந்து சொல்லிட்டாரு. அதனால...” பென்சில் வந்து நின்றுவிட்டாள். நான் எழுந்துவிட்டேன். நம் வழக்கம்தான் தெரியுமே. முறை முடிந்தால் பாதி வாக்கியமானாலும் எழுந்து போக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, பிறகு என்ன பேசினார்கள் என்று யாரையும் கேட்கக் கூடாது. என் குறையை என் கையாலேயே எழுதிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வராந்தாவில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். “என் முறை என்னோட போச்சு சார், என்னையக் கேக்காதீங்க” என்றாள் அந்தப் பெண்.

வீட்டு ஆள் யார்? எனக்கு இருப்பது ஒரு தங்கச்சி. அவளுக்கு ஒரு புருஷன்.

என் மேல் என்ன குறை சொன்னீர்கள்? குடிக்கிறேன் என்றா? எழுதியதை வெளியில் விற்கிறேன் என்றா? ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுக் கொடுப்பதா கிழிப்பதா என்று முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
குறையுள்ளவன்

மார்ச் 20

மச்சானுக்கு,

ஆமாம். மடலை முந்தின நாளே பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

சொன்னால் நீங்கள்தான் வேனில் ஏறியிருப்பீர்கள். உங்களை ஏறவிடக் கூடாது என்று நினைத்தேன். அதோடு, மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கும் அந்த நாற்காலிமேல் ஆசை வந்தது. ஏன் வரக் கூடாது? உங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வாடகை கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறீர்கள், ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “நம்ம வீட்டோட மாப்பிள்ளை” என்று என் முதுகைத் தட்டுகிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நாளாவது நானே என் பேரில் ஒன்றைச் சம்பாதிக்க வேண்டும் என்று தோன்றாதா?

செயலாளரிடம் சொன்னதும் நான்தான். என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். இது சபைத் தபால் பையில் வருகிறது. யார் கையில் மாட்டுமோ தெரியாது, மாட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான். நான் வந்து நேரில் சொல்கிறேன்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், அந்த மனுவைக் கொடுக்காதீர்கள்.

மாப்பிள்ளை

மார்ச் 24

ஐயா,

மனு கொடுத்தாகிவிட்டது.

பயந்துவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிந்தது. நஷ்டம் எனக்காம், காலைப் பிடிப்பாராம். முதுகில் குத்திய கையால் காலைப் பிடிக்க வேண்டாம்.

மனுவில் உங்கள் பெயரைக்கூட எழுதவில்லை, அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு. பதவி நிரப்புவதை நிறுத்தி வையுங்கள், மூத்தவர் ஒருவர்மேல் மறைவாகக் குறை சொல்லப்பட்டிருக்கிறது, அது என்ன குறையானாலும் சுருக்கெழுத்தாளர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சோதியுங்கள், யார் யோக்கியதை என்ன என்று சபை அறியட்டும் என்று எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் பேச்சை எழுதினேன், முதல் தடவையாக என் பேச்சை எழுதியிருக்கிறேன்.

உங்களைத் தலைமுழுகியாகிவிட்டது. திரும்பி வரும்போது மாடிக்குப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போங்கள்.

மார்ச் 31

மச்சான்,

இந்த வார மடலை முகாமில் சத்தமாகப் படித்தார்கள். வழக்கமாக நீங்கள் தாண்டிப் போகிற ‘செய்திகள்’ பக்கம். ‘பெறப்பட்ட மனு ஒன்றின் பேரில், சுருக்கெழுத்தாளர் அனைவருக்கும் செவித்திறன் பரிசோதனை நடத்தப்படும். அதுவரை இந்தப் பிரிவின் எல்லா நியமனங்களும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.’

செவித்திறன், மச்சான். புரிகிறதா? நீங்கள் குடிப்பதாகவோ விற்பதாகவோ யாரும் சொல்லவில்லை. உங்களுக்குக் காது கேட்கவில்லை.

இனி இந்தக் கடிதத்தை யார் பிரித்தால் என்ன. ஊருக்கே தெரியப்போகிறது. எழுதிவிடுகிறேன்.

பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்ததும் அந்த இடம் எப்படி இருக்கும் என்று விசாரித்தேன். தகரக் கொட்டகை, ஜெனரேட்டர், அழுகிற ஆட்கள். முதல் நாளே உங்கள் குட்டு உடைந்திருக்கும். வீடு போகப்போகிறவன் சொல்கிற சாட்சியில் கோடு கோடாக விட்டால் அது அவனுக்குச் செய்கிற துரோகம், அது வேறு. கண்காணிப்பாளரிடம் அலைச்சல் அது இது என்று சொன்னேன், அவர் ஒத்துக்கொண்டார். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “அவரு பெயரை எதுக்குய்யா மாத்தணும், காரணம் சொல்லு” என்று கேட்டார். “அங்க அவருக்குக் கேக்காதுங்க” என்று என் வாயில் வந்துவிட்டது. திரும்பி வாங்க முடியவில்லை. இதுதான் நான் பறித்த குழி.

பென்சில்மேல் பழி போடாதீர்கள். அவள் எல்லோரையும் போல, விதிப்படி எவ்வளவு முன்னால் வர வேண்டுமோ அவ்வளவு முன்னால்தான் வருகிறாள். நான்தான் வரக் கூடாத நேரத்தில் வந்துகொண்டிருந்தேன். உங்கள் முறை பாதி ஓடும்போதே வந்து உங்கள் பின்னால் உட்கார்ந்து, உங்கள் பாதியையும் சேர்த்து எழுதுவேன். தட்டச்சுக்குப் போகுமுன் நீங்கள் விட்டதை எடுத்து வைப்பேன். ‘மாப்பிள்ளைக்கு வேலைமேல் என்ன பக்தி’ என்று பெருமைப்பட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பக்கங்களில் ஓட்டை இல்லாததற்கு அதுதான் காரணம்.

போன வருஷம் உங்கள் தங்கச்சி ஒரு நாள், “அண்ணா, ஒரு தடவ காது டாக்டரப் பாத்துட்டு வரலாமா?” என்று கேட்டாள். கேட்டதற்கு நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள், எத்தனை நாள் அவள் முகத்தில் விழிக்கவில்லை என்று நினைத்துப் பாருங்கள். அதன்பிறகு எங்களில் யாருக்கு வாய் வரும்? அவள் பேசாமல் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். போனில் அழுகிறாள், மச்சான். தினமும் மாடிப்படியில் நின்றுகொண்டு “அண்ணா, காபி” என்று கூப்பிடுகிறாளாம். நீங்கள் நிமிர்ந்தே பார்ப்பதில்லையாம். கோபத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நான் ஒன்றும் தியாகி இல்லை. பதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், திரும்ப வாங்கப் போவதும் இல்லை. மடலை மறைத்தது தப்பு, அதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மற்றதற்குத் திட்டினால் வாங்க மாட்டேன்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 7

என்ன மாப்ளே,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? ‘பயல் எவ்வளவு சாமர்த்தியமாகக் கதை கட்டுகிறான்.’ என் புத்தி அப்படி. கிழித்துப் போடப் போனேன். அப்புறம் தங்கச்சி விஷயத்தை மட்டும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, பேப்பருக்கு மேலாகக் கள்ளத்தனமாக மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். டம்ளரை வைத்தாள். என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமே இல்லை. இன்னொரு தடவையும் திறந்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், மாப்ளே. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தெருமுனையிலிருந்து “அண்ணா” என்று அவள் கூப்பிட்டால் வீட்டுக்குள் இருக்கிற எனக்குக் கேட்கும்.

அன்றைக்கே சபையில் இன்னொன்று நடந்தது. எழுதிக்கொண்டே இருக்கிறேன், யாரோ தோளைத் தொட்டார்கள். பென்சில். மணி அடித்து முடிந்து, அவள் வந்து நின்று, சபாநாயகர்கூட எங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். வராந்தாவில் அவளைப் பிடித்து, “மணிய மெதுவா அடிக்கிறாங்களாம்மா?” என்று கேட்டேன். “இல்ல சார், எப்பவும் போலத்தான்” என்றாள். சொல்லிவிட்டு, “உங்க வலது பக்கமா வந்து நின்னா நல்லாருக்குமா சார்?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணை என்னவெல்லாம் பேசிவிட்டேன்.

பரிசோதனைக்கு முதல் ஆளாகப் போனேன். ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, “சத்தம் கேட்டா கையத் தூக்குங்க” என்றார் டாக்டர். தூக்கினேன். தூக்கிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும், “நான் இன்னும் ஒண்ணும் போடவே இல்லியே சார்” என்றார். இடது காது போயே போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று செயலாளரிடம் போனேன். “இப்ப வாங்கி என்னய்யா பண்றது” என்று சலித்துக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, “அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போன பிறகு நான் பேசினது என்னன்னு தெரியுமா?” என்றார். கேட்கக் கூடாது என்று வழக்கம். அவராகவே சொன்னார். “அதனால அவர வெளியே அனுப்பிடாதீங்க, அச்சுக்குப் போற பக்கமெல்லாம் அவரு கண்ணுல பட்டுட்டுப் போகட்டும், அதுக்குன்னு ஒரு பதவிய உண்டாக்குங்கன்னு சொன்னேன். குழுவும் சரின்னுச்சு. அடுத்த மடல்லயே வந்திருக்கும். உங்க மனு வந்து எல்லாத்தையும் நிறுத்திருச்சு.”

என் முன்னாலேயே ஆரம்பித்த பேச்சு, எனக்காகவே பேசியது. மணிக்கு அப்புறம் பேசிய காரணத்தால் அது எனக்கு வந்து சேரவில்லை. நான் எழுதியது பாதி, அதை வைத்துக்கொண்டு மனுவையும் ஒரு பிசிறில்லாமல் எழுதினேன்.

அந்தப் பதவி இனி வருமா வராதா என்று அவருக்கே தெரியவில்லை. நாளை முதல் எனக்கு மேசை கிடையாது. பென்சில் என் முறையையும் சேர்த்துப் பார்ப்பாள். நான் ஒரு மூலையில் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். பெரிய நாற்காலி உங்களுக்குக் கிடைத்தால் உட்காருங்கள். வயிறு எரியத்தான் செய்யும், நான் ஒன்றும் சாமியார் இல்லை. மடலை மறைத்ததற்கு நீங்கள் வந்ததும் ஒரு பாட்டம் திட்டுவேன், அதற்கும் தயாராக வாருங்கள். வாடகையை இந்த மாதத்திலிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

பின்பக்கப் படிக்கட்டு வேண்டாம், முன்வாசல் வழியாகவே வாருங்கள். வந்ததும் என் வலது பக்கமாக உட்காருங்கள். நீங்கள் திட்டுவதானாலும் அந்தப் பக்கம் இருந்து திட்டுங்கள், ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும்.

மச்சான்